எக்ஸ்எல்லில் பூ மூட்டை, எதிரே நாலுவழிச் சாலை

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 41. கொடைரோட்டுக்குக் கிழக்கே ஒரு கிராமம். ஒன்றரை ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கிறோம். நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்கு வீட்டுக்காரர்தான் தினமும் எக்ஸ்எல்லில் பூ கொண்டு போவார். நாலு மாதத்துக்கு முன்னால் அவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து, நான் வண்டி பழகி நானே போகிறேன். எல்எல்ஆர் மட்டும்தான் எடுத்திருக்கிறேன். விடியக்காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். நாலுவழிச் சாலையைக் கடந்து, கொஞ்ச தூரம் அதிலேயே போய்த்தான் திரும்ப வேண்டும். பஸ்ஸோ லாரியோ பக்கத்தில் போனால் வண்டி ஆடுகிறது, உயிர் போய் உயிர் வருகிறது. போன மாதம் ஊர் வளைவில் மணலில் சறுக்கி விழுந்தேன், முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. ஓரமாகப் போவதா, ரோட்டுக்குள் போவதா? எந்த பிரேக்கைப் பிடிப்பது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஹெல்மெட் போட்டால் பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்காது என்கிறார் வீட்டுக்காரர். 16 வயது மகன் "நான் கொண்டு போறேம்மா" என்கிறான், அனுப்பலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்:

தங்கச்சி, வணக்கம். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் கேட்ட வரிசையில் இல்லை. நீங்கள் கேட்காத ஒன்று முதலில் வர வேண்டும். மூட்டை கட்டிய பிறகு உங்கள் வண்டி பின்னால் வருகிறவனுக்குத் தெரிகிறதா?

ஏன் இதில் ஆரம்பிக்கிறேன் என்றால், நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். 8 போடச் சொல்லி லைசென்ஸ் கொடுக்கிற வேலை எல்லாருக்கும் தெரியும். இன்னொரு வேலையும் உண்டு. விபத்தில் சிக்கிய வண்டியை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போட்டு வைத்திருப்பார்கள், நாங்கள் போய் பிரேக் பிடிக்கிறதா, லைட் எரிகிறதா, வண்டிக் கோளாறால் நடந்ததா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிப் பார்த்த மொபெட்டுகளில் ஒரே மாதிரிக் கோலம் திரும்பத் திரும்ப வரும். முன்பக்கம் ஒரு கீறல் இருக்காது, ஹெட்லைட் கண்ணாடிகூட முழுசாக இருக்கும். பின்பக்கம் கேரியர் மடங்கி சீட்டுக்குள் ஏறியிருக்கும், பின் மட்கார்டு அப்பளம். மூட்டைக் கயிறு மட்டும் அவிழாமல் கிடக்கும். வேகமாகப் போய்த் தானாக மோதிய மொபெட்டை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். மற்றதெல்லாம் பின்னால் வந்தவனுக்குத் தெரியாமல் போனது, இல்லையென்றால் அவன் எதிர்பார்க்காத இடத்தில் குறுக்கே வந்தது.

கணக்காகவே பாருங்கள். நாலுவழிச் சாலையில் காருக்குச் சட்டமே மணிக்கு 100 கிலோமீட்டர் வரை விடுகிறது. நீங்கள் மூட்டையோடு 35-ல் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 65, அதாவது விநாடிக்கு 18 மீட்டர் வீதம் அவன் உங்களை நெருங்கிக்கொண்டே இருக்கிறான். 200 மீட்டர் தள்ளியே உங்களைப் பார்த்துவிட்டால் அவன் கையில் 11 விநாடி இருக்கிறது, சாவகாசமாக வலது பக்கம் விலகிப் போய்விடுவான். 50 மீட்டரில்தான் தெரிந்தது என்றால் மூன்று விநாடிகூடக் கிடையாது. உங்கள் ரோட்டில் அந்த நேரத்துக்கு யார் வருகிறார்கள் என்று யோசியுங்கள். முந்தைய நாள் ராத்திரி பெங்களூரில் கிளம்பி மதுரைக்கும் நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் போகிறவர்கள். ஐந்து மணி என்பது கண் சொருகுகிற நேரம். அந்த மூன்று விநாடியை அவன் கொட்டாவி விட்டே கழித்துவிடுவான்.

இப்போது வண்டியை நிறுத்தி, மூட்டையைக் கட்டி, பின்னால் போய் நின்று பாருங்கள். கேரியருக்குக் குறுக்கே போட்ட சாக்கின் வயிறு தொங்கி டெயில் லைட்டை மறைக்கும். மறைக்காவிட்டாலும் பூவுக்குத் தெளித்த தண்ணீர் சொட்டிச் சொட்டி, அதன் மேல் மண் ஒட்டி, சிவப்புக் கண்ணாடி களிமண் நிறத்தில் இருக்கும். தினமும் கிளம்பும் முன் ஒரு துணியால் அதைத் துடைப்பது அரை நிமிஷ வேலை. அதோடு, லாரிகளுக்கு ஒட்டுகிற சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஸ்டிக்கர் கடையில் வெட்டிக் கொடுப்பார்கள். வாங்கிப் பின் மட்கார்டிலும் கேரியர் கம்பியிலும் ஒட்டுங்கள். ஈரச் சாக்கில் டேப் நிற்காது, அதனால் ஒரு பழைய பெல்ட்டிலோ சைக்கிள் டியூப்பிலோ ஒட்டி, மூட்டை கட்டி முடித்ததும் அதன் மேல் சுற்றிக் கட்டிவிடுங்கள். சைக்கிளுக்கு மாட்டுகிற சிவப்பு மினுக்கு லைட் ஒன்றும் அந்த பெல்ட்டிலேயே தொங்கட்டும். பெரிய விலை இல்லை. உங்களுக்கு, ரோடு வேலை செய்கிறவர்கள் போடுகிறார்களே, பளபள பட்டை வைத்த ஜாக்கெட், அதில் ஒன்று. சேலைக்கு மேல் அதைப் போட்டால் நாலு பேர் சிரிப்பார்கள்தான், சிரிக்கட்டும். மார்கழிப் பனிக்கு வீட்டுக்காரரின் கறுப்பு ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினால் இருட்டோடு இருட்டாகிவிடுவீர்கள், அதற்கு மேலேயும் ஜாக்கெட் வரவேண்டும்.

முன் விளக்கு, 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியாக இருந்தால் இன்ஜின் ஓடும்போது தானாக எரியும். பழைய வண்டி என்றால் நீங்கள்தான் போட வேண்டும், விடிந்த பிறகும் அணைக்க வேண்டாம். திரும்பி வரும்போது ஏழு மணி வெயில் நேராக உங்கள் முகத்தில் அடிக்குமே, உங்களுக்குப் பின்னால் வருகிறவன் கண்ணிலும் அதே வெயில்தான் அடிக்கிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். காலிச் சாக்கோடு, பூ விற்ற காசோடு, நிம்மதியாக வருகிற நேரம் அது. போகும்போது இருந்த கவனம் அப்போது இருக்காது.

சரி, ஓரமா உள்ளேயா. ஊர் ரோட்டிலும் நிலக்கோட்டை ரோட்டிலும் தார் முடிகிற விளிம்பை ஒட்டிப் போகாதீர்கள். மணலும் ஜல்லியும் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும், தார் உடைந்து நாலு விரல் பள்ளமாக இருக்கும், ஒரு தடவை முன் சக்கரம் அதில் இறங்கிவிட்டால் திருப்பி ஏற்றும்போதுதான் ஆள் விழுவது. கார்களின் இடது டயர் ஓடி ஓடிச் சுத்தமாக இருக்கிற தடம் ஒன்று ரோட்டில் தெரியும், அதில் போங்கள். இன்னொரு லாபமும் இருக்கிறது. நீங்கள் விளிம்பிலேயே போனால் பின்னால் வருகிறவன், இடம் இருக்கிறது என்று நினைத்து, எதிரே வண்டி வரும்போதுகூட உங்களை உரசிக்கொண்டு நுழைவான். தடத்தில் போனால் அவன் யோசித்துத்தான் தாண்டுவான், உங்களுக்கும் இடது பக்கம் ஒதுங்க ஒரு கஜம் மிச்சம் இருக்கும்.

நாலுவழிச் சாலையில் வேறு கணக்கு. சர்வீஸ் ரோடு இருக்கிற இடமெல்லாம் அதில்தான். இல்லாத இடத்தில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தார் போட்ட ஓரம் விட்டிருப்பார்கள், அதில் போங்கள். அங்கே எமன் ஒன்று உண்டு, நிற்கிற லாரி. டீ குடிக்கவோ தூங்கவோ ஓரங்கட்டியிருப்பான், ஒரு லைட்டும் எரியாது. இருட்டில் அது லாரி என்று தெரிவதற்குள் பக்கத்தில் வந்துவிடுவோம், அதனால்தான் உங்கள் ஹெட்லைட் வெளிச்சம் எவ்வளவு தூரம் விழுகிறதோ அதற்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் போகச் சொல்கிறேன். லாரி தெரிந்ததும் பட்டென்று வலது பக்கம் ஒடிக்காதீர்கள். முதலில் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியைப் பார்த்து, தலையையும் ஒரு தரம் திருப்பிப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, பின்னால் காலியாக இருந்தால் மட்டும் விலகிப் போங்கள். வண்டி வருகிறதா, லாரிக்குப் பின்னாலேயே நின்றுவிடுங்கள், போகட்டும். கண்ணாடி என்றதும் ஞாபகம் வருகிறது. மொபெட்டுக்கு எதற்குக் கண்ணாடி என்று கழற்றிப் பரணில் போட்டு வைத்திருப்பார்கள், பாதி வீட்டில் இதுதான் கதை. உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் இன்றைக்கே இரண்டையும் மாட்டுங்கள்.

இன்னொன்று. நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். அந்தக் "கொஞ்ச தூரம்" சரியான பக்கத்தில்தானே போகிறீர்கள்? ஏன் கேட்கிறேன் என்றால், நாலுவழிச் சாலை ஓரத்து ஊர்க்காரர்கள் முக்கால்வாசிப் பேர் யு-டர்னுக்குச் சோம்பி எதிர்த்திசையிலேயே ஓரமாக வந்துவிடுகிறார்கள். காலையில் விலை இறங்கிவிடும் என்கிற அவசரமும் எனக்குத் தெரியும், பூ மார்க்கெட்டில் அரை மணி நேரத்தில் கிலோவுக்கு எவ்வளவு இறங்கும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். ஆனால் எதிர்த்திசையில் உங்கள் 35-ம் அவனுடைய 100-ம் கழியாது, கூடும். 135 ஆகிறது. முன்னே சொன்ன அந்த 200 மீட்டர் ஐந்தே விநாடியில் தீர்ந்துவிடும், அதுவும் எதிரே வண்டி வரும் என்று அவன் கனவிலும் நினைக்காத பக்கத்தில். சுற்றிப் போனால் ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுமா, மூன்று ரூபாய்ப் பெட்ரோல். ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்புங்கள்.

கடக்கிற இடத்தைத்தான் நான் ரொம்ப யோசித்தேன். இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் கடக்கப் பார்க்காதீர்கள். ஒரு பாதி, நடுவில் மீடியன் இடைவெளியில் வண்டியை நேராக நிறுத்தி, பிறகு மறுபாதி. நடுவில் நிற்கும்போது வண்டியின் வாலோ மூட்டையோ ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நின்ற இடத்திலிருந்து மூட்டையோடு கிளம்பி ஒரு பாதியைத் தாண்ட உங்களுக்கு ஐந்தாறு விநாடி ஆகும். 100-ல் வருகிற கார் ஆறு விநாடியில் கிட்டத்தட்ட 170 மீட்டர் வந்துவிடும். ஆகவே 200 மீட்டருக்குள் வண்டி வந்துவிட்டால் நீங்கள் அசையக் கூடாது. இருட்டில் 200 மீட்டர் எது என்று எப்படித் தெரியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மகனைக் கூட்டிக்கொண்டு அங்கே போங்கள். சாலை ஓரத்தில் கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் நட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். இல்லையென்றால் அவனை மண் ஓரத்தில் 300 எட்டு நடக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் கூடவே வரும், நல்லதுதான். அங்கே என்ன இருக்கிறது, போர்டா, புளியமரமா, ஓட்டல் விளக்கா, அதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று. வெளிச்சம் அந்த அடையாளத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் நிற்க வேண்டியதுதான். ஒற்றை விளக்கு வந்தால் பைக்தானே என்று நினைக்க வேண்டாம், ஒரு லைட் அவிந்த காராகவும் லாரியாகவும் இருக்கும்.

பஸ் தாண்டும்போது வண்டி ஆடுவது உங்கள் கைக்கோளாறு இல்லை. பெரிய வண்டி பக்கத்தில் வரும்போது அதன் முன்னால் தள்ளிக்கொண்டு வருகிற காற்று முதலில் உங்களை வெளியே தள்ளும், வால்பக்கம் போகும்போது உள்ளே இழுக்கும். எக்ஸ்எல் 90 கிலோகூட வராத வண்டி. அதில் இரண்டு பக்கமும் மூட்டை புடைத்துக்கொண்டிருந்தால் முறத்தைக் காற்றுக்கு எதிரே பிடித்த மாதிரிதான். கண்ணாடியில் பஸ் தெரிந்ததுமே தயாராகிவிடுங்கள். ஆக்சிலேட்டரை லேசாகக் குறைத்து, முழங்கையைத் தளர்த்தி, பார்வையை ரோட்டின் தூரத்தில் வைத்து, அது தாண்டி முடிகிற வரைக்கும் பிரேக்கைத் தொடாமல் இருங்கள். பயத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பதுதான் ஆட்டத்தைக் கூட்டுகிறது. பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தால் வண்டியும் அந்தப் பக்கமே சாயும், இது சைக்கிள் பழகின எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அடுத்து நீங்கள் விழுந்த கதை. நீங்கள் எழுதாத விஷயங்களை நானே ஊகித்துச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். ஒரு மூட்டை பின்னால், ஒரு மூட்டை முன்னால் கால் வைக்கிற இடத்தில். கால் இரண்டும் மூட்டைக்கு வெளியே அகட்டி. வளைவில் மணல் தெரிந்ததும் திடுக்கிட்டு இரண்டு பிடியையும் ஒரே பிடியாகப் பிடித்தீர்கள், வலது கை கொஞ்சம் கூடுதலாக. முன் சக்கரம் நின்று வழுக்கியது, காலை ஊன்றப் பார்த்தால் கால் வரவில்லை. அநேகமாக இப்படித்தான் நடந்திருக்கும்.

எக்ஸ்எல்லில் இடது பிடி பின் பிரேக், வலது பிடி முன் பிரேக். 2019-லிருந்து வருகிற வண்டிகளில் இடது பிடியை அழுத்தினாலே இரண்டும் சேர்ந்து பிடிக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள், 125 சிசி வரைக்குமான வண்டிகளுக்குச் சட்டமே அப்படி வந்துவிட்டது. "முன் பிரேக்கைத் தொடவே தொடாதே, குப்புறத் தள்ளிவிடும்" என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அரைகுறை புத்திமதி. காய்ந்த தார் ரோட்டில் வண்டி நேராக இருக்கும்போது இரண்டையும் பிடிக்க வேண்டும், பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கிற தூரம் ரொம்ப நீளும். பிடிக்கிற விதம்தான் முக்கியம். துணி பிழிகிற மாதிரி, மெதுவாக ஆரம்பித்துப் போகப் போக இறுக்க வேண்டும். மணல், ஈரம், சாணம், காயப்போட்ட கதிர், இவையெல்லாம் வருகிற இடத்தில் வேகத்தை முன்னாலேயே குறைத்துவிட்டு, அதன் மேல் ஏறின பிறகு பிரேக்கே இல்லாமல் உருண்டு கடந்துவிட வேண்டும். உங்கள் ஊர் வளைவு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், மணலும் நேற்று வந்ததில்லை. வளைவுக்கு இருபது முப்பது மீட்டர் முன்பே ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள்.

பிரேக்கை நான் சோதிக்கிற விதத்தைச் சொல்கிறேன், நீங்களே வாரம் ஒரு தடவை செய்யலாம், மெக்கானிக் வேண்டாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, இன்ஜினை அணைத்துவிட்டு, பின் சக்கரத்தை ஒரு கையால் சுற்றிவிடுங்கள். சுற்றும்போதே இடது பிடியை மெல்ல மெல்ல அழுத்துங்கள். கொஞ்ச தூரம் ஒன்றும் நடக்காது, பிறகு உஸ் என்று உரசும், பிறகு சக்கரம் நிற்கும். பிடி ஹேண்டில்பாரைத் தொடுகிற அளவுக்குப் போன பிறகுதான் நிற்கிறது என்றால் பிரேக் தளர்ந்துவிட்டது. சக்கரத்தின் நடுவிலே ட்ரம் பக்கத்தில் இருக்கிற நட்டைக் கொஞ்சம் முறுக்கினால் சரியாகும். முறுக்கி முறுக்கி மரை முடிந்துவிட்டதா, அப்போது பிரேக் ஷூவை மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. பிடியை விட்டதும் சக்கரம் மறுபடி லேசாகச் சுற்ற வேண்டும், உரசிக்கொண்டே இருந்தால் அதிகமாக முறுக்கிவிட்டோம் என்று அர்த்தம். முன் சக்கரத்துக்கும் இதே மாதிரி, வலது பிடியை வைத்து. கேபிள் நுனியில் ஒரே ஒரு நரம்பு பிரிந்திருந்தால்கூட மாற்றிவிடுங்கள். ஸ்டேஷன் வாசலில் நான் பார்த்த பாதிக் கேபிள்கள் அறுந்தது விபத்தில் இல்லை, அதற்குப் பல நாள் முன்பே பிரிய ஆரம்பித்தவை. டயர் காற்று, தனியாளுக்கு ஒரு அளவு, சுமைக்கு ஒரு அளவு என்று வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும், சுமை அளவைக் காற்றுப் பிடிக்கிறவரிடம் சொல்லிப் பிடியுங்கள். கையால் அமுக்கிப் பார்த்து "காத்து இருக்கு" என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது.

சுமை. எக்ஸ்எல் 100 என்றால் 130 கிலோ, அதில் நீங்களும் சேர்த்தி. நீங்கள் ஒரு 60, பூ 40, தண்ணீர் தெளித்த சாக்கு, கயிறு, தூக்குவாளி எல்லாம் போட்டாலும் உள்ளே அடங்கும். ஆனால் அதோடு வீட்டுக்காரரும் "நானும் வர்றேன்" என்று பின்னால் உட்கார்ந்தால் தாண்டிவிடும். அவர் முதுகுக்கும் அது ஆகாது. முன் மூட்டையை உயரமாக வைக்காமல் படுக்கப் போடுங்கள். ஹேண்டில்பாரை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள், எங்கேயும் சாக்கில் தட்டக் கூடாது. சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலையும் சட்டென்று தரையில் ஊன்ற முடிகிறதா என்றும் பாருங்கள், முடியவில்லை என்றால் அந்த மூட்டை பெரிது. பின்னால் பளு முழுவதையும் ஏற்றினாலும் தப்பு, முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் மிதக்கும். பக்கத்துக்குப் பக்கம் எடை சமமாக இருக்கட்டும். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், சாக்குக் கயிற்றின் நுனியும் சக்கரப் பக்கம் தொங்கக் கூடாது.

ஹெல்மெட். சத்தம் கேட்காது என்பதை நான் சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறேன். வெறுந்தலையில் போனால் காதில் அடிக்கிற காற்றிரைச்சலே ஹாரனைப் பாதி மறைக்கிறது. ஹெல்மெட் போட்டால் இரைச்சலும் குறையும், ஹாரனும் குறையும், கேட்க வேண்டியது கேட்கத்தான் செய்யும். அதுவும் இல்லாமல் பின்னால் வருவதைக் காதால் தெரிந்துகொள்வது என்ன பழக்கம், அதற்குத்தானே கண்ணாடி? பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கோக்ரேன் ஆய்வு ஒன்று, ஹெல்மெட்டால் தலைக்காயம் 69 சதவீதமும் சாவு 42 சதவீதமும் குறைகிறது என்று சொல்கிறது. நம் நாட்டில் 2022-ல் மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள் 74,897. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 என்று மத்திய அரசின் கணக்கே சொல்கிறது. நான் பார்த்த வண்டிகளில் சிலவற்றில் ஹெல்மெட் இருந்தது, கொக்கியில் மாட்டி, புத்தம் புதுசாக.

ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதைத்தான் வாங்க வேண்டும், 2021 ஜூனிலிருந்து அந்த முத்திரை இல்லாததை விற்கவே கூடாது என்று ஆகிவிட்டது, ஆனாலும் ரோட்டோரத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். முத்திரையே போலியாகவும் ஒட்டுகிறார்கள், அதனால் கடையில் பில் போட்டு வாங்குங்கள். வாங்கும்போது தலையில் போட்டு ஆட்டிப் பாருங்கள், கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். பட்டையைப் போட்டு மாட்டியே தீரவேண்டும், மாட்டாத ஹெல்மெட் நீங்கள் தரையில் விழுவதற்கு முன்னால் விழுந்துவிடும். உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், சடை பின்னிப் பின்கழுத்தில் விட்டுக்கொள்ளுங்கள். மார்க்கெட்டில் இறங்கியதும் கொண்டை போட்டுக்கொள்ளலாம்.

மகனை அனுப்ப வேண்டாம். நல்ல பிள்ளை, அம்மா கஷ்டத்தைப் பார்த்துக் கேட்கிறான், எனக்குப் புரிகிறது. 16 வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு உட்பட்ட வண்டியைத்தான். 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த காலத்தில் அந்த வயசுப் பையன்கள் அதை ஓட்டினார்கள், மொபெட் என்றால் லைசென்ஸுக்கு அவ்வளவாக அலட்ட வேண்டாம் என்கிற நினைப்பு ஊரில் இன்னும் அந்தக் காலத்திலிருந்தே தொடர்கிறது. இப்போதைய எக்ஸ்எல் 99.7 சிசி. அவன் ஓட்டி ஏதாவது ஆனால், 2019 சட்டத் திருத்தத்தின்படி பொறுப்பு உங்களுடையது, 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, வண்டி ஆர்சி ஒரு வருஷத்துக்கு ரத்து, அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. அவன் உதவ வேண்டுமென்றால் மூட்டை கட்டட்டும், பிரேக் நட்டை முறுக்கட்டும், இரண்டையும் நன்றாகச் செய்வான்.

எல்எல்ஆர் எடுத்து 30 நாள் ஆனால் லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம், ஆறு மாதத்தில் எல்எல்ஆர் காலாவதி. உங்களுக்கு நாலு மாதம் ஓடிவிட்டதே, இன்னும் ஏன் தள்ளிப்போடுகிறீர்கள்? கியர் இல்லாத வண்டி என்று போட்டே லைசென்ஸ் எடுக்கலாம். 8 போடுவதற்கு மூட்டை இல்லாமல் இரண்டு சாயங்காலம் கோயில் மைதானத்தில் பழகினால் போதும். அப்படியே வண்டி இன்சூரன்ஸ் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், மொபெட் வைத்திருப்பவர்கள் முதல் தடவைக்குப் பிறகு அதை மறந்தேபோவார்கள். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி யார் மேலாவது பட்டால் நஷ்டஈடு உங்கள் ஒன்றரை ஏக்கரிலிருந்துதான் போகும்.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய முடியாது, தெரியும். இன்றைக்கு ராத்திரி ஒன்று மட்டும் செய்யுங்கள். நாளைக்குக் கட்டப்போகிற மாதிரியே காலிச் சாக்கில் வைக்கோல் திணித்து வண்டியில் கட்டி, தெருவிளக்கு இல்லாத ஒரு இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். மகன் பக்கத்தில் நிற்கட்டும். நீங்களும் வீட்டுக்காரரும் வண்டிக்குப் பின்பக்கமாக 100 எட்டு நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள், அவர் முதுகு ஒத்துக்கொண்டால் இன்னொரு 100. வண்டி தெரிகிறதா, தெரிந்தால் எந்த இடம் வரைக்கும் தெரிகிறது, டேப் ஒட்டிய பிறகு எவ்வளவு தூரம் கூடுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.